முதல் சர்வ் வலைக்கு

எங்கள் ஊரில் டென்னிஸ் பந்து எங்கே போய் ஓய்கிறதோ அங்கேதான் மக்களின் கண்ணும் ஓயும். கண் ஓய்ந்த இடத்தில் இருக்கும் பொருள் சாயங்காலம் அவரவர் கைபேசியில் வரும். மறுநாள் காலை வீட்டு வாசலுக்கே வந்துவிடும். இதைத்தான் டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்கிறார்கள்.

மைதானத்தின் இரண்டு கோடிகளும் தணிகாசலத்தின் குத்தகையில் இருக்கின்றன. இரண்டிலும் மெத்தை விளம்பரம் வைத்திருக்கிறான். பந்து பெரும்பாலும் அங்கேதான் உருண்டு நிற்கும். ஆகவே ஊரில் மெத்தை இல்லாத வீடு கிடையாது. சில வீடுகளில் சமையலறையிலும் மெத்தைதான்.

இந்தத் தணிகாசலம் என் பின்னால் பசை வாளி தூக்கி நடந்தவன். சுவரொட்டியின் எந்த மூலையை முதலில் ஒட்ட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். இப்போது அவன் கல்யாண மண்டபத்தில் 'டென்னிஸ் கற்றுத்தரும் மார்க்கெட்டிங் வியூகம்' என்று வகுப்பு எடுக்கிறான். என்னைக் கண்டால், "வாங்கண்ணே, உங்களுக்குன்னு முன்வரிசை காலியா வச்சிருக்கேன்" என்பான். முன்வரிசை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன்.

நான் ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் பிரச்சாரச் செயலாளர். என் இடம் வலையோரம். நடுவில் நின்றால் இருபுறத்தாரும் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். பார்க்கத்தான் செய்தார்கள். பந்து போகும்போதும் வரும்போதும் அவர்கள் கண் என்னைக் கடந்தது. கடந்ததோடு சரி. வலையில் மாட்டும் பந்து மட்டுமே என் காலடியில் ஓயும். எங்கள் ஊர் ஆட்டக்காரர்கள் வலையில் அடிப்பதில்லை. அடித்தால் புள்ளி போய்விடும்.

வெள்ளிக்கிழமை நூற்பாலையை மூடுவதாக முதலாளி கதவில் அறிவிப்பு ஒட்டினார். வாசலில் ஊர் திரண்டால் தடுத்துவிடலாம். ஆனால் மெத்தைகள் வந்தபிறகு எழுந்து வருபவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். புதன்கிழமை இறுதி ஆட்டம். ஆடப்போகிறவள் சுடர்க்கொடி, ஆலையில் வேலை பார்க்கும் சங்கரபாண்டியின் மகள். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"பந்தை வலையில் அடிம்மா. உன் அப்பா வேலை போகப்போகுது. ஒரு ஆட்டம் தோற்றால் என்ன?"

"என்னைத் தோக்கச் சொல்றீங்களா தோழர்?"

சங்கரபாண்டி மெத்தையிலிருந்து எழாமலே சொன்னார். "தோத்தா என் வேலை நிக்கும்னா தோக்கட்டும். ஆனா இவரு சொல்லி இதுவரைக்கும் என்ன நின்னிருக்கு?"

"சும்மா இருங்கப்பா" என்ற சுடர்க்கொடி மட்டையின் நரம்புகளை விரலால் நெருடிப் பார்த்தாள். "எதுக்குத் தோக்கணும்? சர்வுக்கு ரெண்டு வாய்ப்பு இருக்கே. முதல் சர்வ் வலையில விழுந்தா ஒண்ணும் போகாது. முதல் சர்வ் திரும்பிப் பார்க்க வைக்க, ரெண்டாவது புள்ளி எடுக்க. தணிகாசலம் சார் வகுப்புல முதல் பாடமே இதுதான்."

இதை 'இரண்டு அறைகூவல்கள்' என்ற துண்டறிக்கையில் நான் எப்போதோ எழுதிவிட்டேன். வேறு சொற்களில் எழுதியிருந்தேன். அந்தக் கட்டு இன்னும் பிரிக்கப்படாமல் அச்சகத்தில் இருக்கிறது.

புதன்கிழமை, 'வெள்ளி காலை மில் வாசல்' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு வலையோரம் நின்றேன். சுடர்க்கொடி முதல் சர்வை வலையில் அடித்தாள். பந்து என் காலடியில் வந்து ஓய்ந்தது. ஊரின் கண்கள் அத்தனையும் என்மேல் ஓய்ந்தன. தொண்டை கிழியக் கத்திய காலத்தில்கூட அது கிடைத்ததில்லை. தோள்துண்டைச் சரிசெய்துகொண்டேன். அவள் இரண்டாவது சர்வை மெதுவாக அடித்துப் புள்ளியை எடுத்தாள். தன் முறை வரும்போதெல்லாம் இப்படியே ஆடி ஜெயித்தாள். கோடியில் நின்ற தணிகாசலம் தலையை ஆட்டினான், வாத்தியார் ஆட்டுவதைப் போல. எனக்கு அது பிடிக்கவில்லை.

சாயங்காலம் எல்லாக் கைபேசியிலும் நான் வந்தேன். அட்டை வரவில்லை. தணிகாசலம் ஸ்கூட்டரை நிறுத்தினான். "அட்டையை யாரும் பாக்கலண்ணே. உங்களைத்தான் பாத்தாங்க. ஜமாய்ச்சிட்டீங்க."

வியாழக்கிழமை காலை வீட்டுக்கு ஒரு நான் வந்து இறங்கினேன். எல்லோருக்கும் என் மீசை, என் துண்டு. சொல்லவேண்டியதை வந்து இறங்கியவர்களே சொன்னார்கள், மெத்தைகளைச் சுருட்டி மூலையில் வைத்தார்கள். என் வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. ஆட்டத்தின்போது நான் என்னைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக்கு வந்த ஆளை அழைத்துக்கொண்டு மில் வாசலுக்கு வந்தது. முதலாளி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். இத்தனை வருடமாக என் ஒருவனையே அவரால் சகிக்க முடிந்ததில்லை. இறங்கி வந்து, அறிவிப்பைத் தானே கிழித்தார்.

அடுத்தது வெற்றிப் பேச்சு. நான் மைக்கை நோக்கி நடந்தேன். வரிசை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த சங்கரபாண்டி கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க எந்த வீட்டு ஆளு?"

"எந்த வீட்டு ஆளும் இல்ல. நான்தான்யா நான்."

"காலையிலேர்ந்து எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. பின்னாடி நில்லுங்க."

மைக் தணிகாசலத்தின் வீட்டுக்கு வந்தவருக்குப் போனது. அவர் சட்டை இஸ்திரி போட்டிருந்தது. பையில் தணிகாசலத்தின் பேனா இருந்தது. எனக்கு அவன் பேனா கொடுத்ததில்லை. அவர் உடனே முழங்கவில்லை. "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று முதலில் கேட்டார். கூட்டம் சிரித்தது, பிறகு அடங்கியது. அதன்பின் கோரிக்கைகளைச் சொன்னார். அவை என் கோரிக்கைகள், வரிசைகூட மாறவில்லை. கைதட்டல் ஓயவில்லை. தணிகாசலம் அவர் தோளில் கை போட்டுக்கொண்டான். நானும் தட்டினேன். உள்ளங்கை எரிந்தது.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

"யாரும் கேட்காத சாமான் ஒண்ணு இந்த விலாசத்துல இருக்காமே?" என்றார் ஓட்டுநர்.

"ஆமாம்."

"பெட்டி இல்லையா?"

"துண்டு இருக்கு."

"அது போதும். ஏறுங்க."

கதவைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். உள்ளே திருப்பி அனுப்பப்பட்ட மெத்தைகள் அடுக்கியிருந்தன. ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். வேன் கிளம்பியது.

மெத்தை நன்றாகத்தான் இருந்தது.