ஓரெஸ்ட் தேர்ந்தெடுத்த மூடி

கூடத்துத் தரையில் பாதிவரை ஓக் மரப் பலகை பதித்துவிட்டு, ஹீட்டரின் சூடான காற்று தரை வழியாக வரும் துவாரத்தருகே வந்ததும் டார்க்கா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குப் போடும் துளையிட்ட மூடி எது என்று முடிவாகாமல் அடுத்த பலகையைப் பதிக்க வழியில்லை. தரைக்கு மேலே உட்காரும் உலோக மூடியென்றால் வேலையெல்லாம் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். தரையோடு தரையாகப் படியும் மர மூடியென்றால் அதன் சட்டத்தை இப்போதே பலகைகளோடு சேர்த்துப் பதிக்க வேண்டும்.

அவள் மனம் மர மூடியில்தான் இருந்தது. காரணம், கணவன் ஓரெஸ்டின் இடது கால். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கால் தரையை உரசிக்கொண்டுதான் வரும். உலோக மூடியின் விளிம்பு ஒரு நாணயத்தின் கனம்தான். அவன் தடுக்கி விழ அது போதும். ஆனால் இதை அவனிடம் எப்படிச் சொல்வது? குளியலறையில் அவனைக் கேட்காமல் அவள் மாட்டிய கைப்பிடியை ஒற்றைக் கையாலேயே கழற்றி எறிந்தவன் அவன். அதனால் எல்லோரிடமும் அழகுக்காக என்றே சொல்லி வைத்தாள்.

கொழுந்தன் தாராஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கனடாவின் சஸ்காட்டூன் நகரில் பாதி வீடுகளுக்குத் தரை போட்டவன் அவன்.

“சூடு வர்ற ஓட்டைக்கு இத்தனை அலங்காரமா அண்ணி? சனிக்கிழமை உங்க மக வர்றா, மாப்பிள்ளையாகப் போறவனைக் கூட்டிக்கிட்டு. அவங்கள அரைகுறைத் தரையில உக்கார வைக்கப் போறீங்களா?”

மூடியைத் தானே வந்து பார்ப்பதாக ஓரெஸ்ட் சொன்னான். மூவரும் கடைக்குப் போனார்கள். திராட்சைக் கொடி வேலைப்பாடு கொண்ட வெண்கல மூடி ஒன்று அவனுக்குப் பிடித்துப்போனது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதன் விளிம்பு மேலே எழும்பியிருந்ததை டார்க்கா கவனித்தாள். அவன் மனதைப் புண்படுத்துவதைவிட வாயை மூடிக்கொள்வதே மேல் என்று முடிவு செய்தாள்.

ஓரெஸ்ட் அந்த மூடியைக் கடையின் மாதிரித் தரையில் வைத்தான். கைத்தடியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அதன்மேல் நடந்தான். கால்விரல் விளிம்பில் மாட்டி உடல் ஆடியது. பிடிக்கப் போன டார்க்கா கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவனே அலமாரியைப் பற்றி நிமிர்ந்தான்.

“என் காலு இதுல மாட்டுது,” என்றான் கடை முழுக்கக் கேட்கும்படி. “தரையோட படியிறதைக் காட்டுங்க.” பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான். “அழகுக்காகவாம். உன் மூஞ்சியைப் பாத்தா எனக்குத் தெரியாதா? என்கிட்ட கேளு டார்க்கா. கேட்டா நானே சொல்லுவேன்.”

தாராஸ் தடியை நீட்டினான்.

பலகையின் ரேகையோடு ஒத்துப்போகும் மூடியை ஓரெஸ்ட் நெடுநேரம் தேடி எடுத்தான். வீட்டில் முக்காலியில் உட்கார்ந்து சட்டத்தை அவன் அழுத்திப் பிடிக்க, அவள் ஆணி அடித்தாள். எண்ணெய் பூசி முடித்ததும் மூடியின் விளிம்பு எங்கே, பலகை எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை அழைப்பு மணி அடித்ததும் எழுந்தவன் ஓரெஸ்ட்தான். கீழே பார்க்காமல், துவாரத்தின் மேலேயே நடந்து போய்க் கதவைத் திறந்தான். மகள் லெசியா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பின்னால் நின்ற இளைஞன் பனி ஒட்டிய பூட்ஸோடு உள்ளே வரப் பார்த்தான்.

“பூட்ஸைக் கழட்டிட்டு வா தம்பி,” என்றான் ஓரெஸ்ட். “இது என் பொண்டாட்டி போட்ட தரை.”