கயிற்றைச் சுற்றிப் போனவள்

காப்பீட்டு அதிகாரி துயா, கைக்குழந்தையைப் பார்த்த பார்வையே துல்மாவுக்குப் பிடிக்கவில்லை. சந்தையில் ஆட்டுத்தோலைப் புரட்டிப் பார்ப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடிவிட்டு, உப்பிட்ட பால் தேநீரை நீட்டினாள். வந்தவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் காகிதத்தை விரித்தாள்.

"கூடாரத்துலயே பெத்தியா?"

"பனிப்புயல்ல வண்டி எப்படி வரும்? வீட்டுக்காரர்தான் பிரசவம் பார்த்தாரு."

"அதுக்கு முன்னாடியும் ஆஸ்பத்திரிப் பக்கமே நீ வரலையே."

துல்மா பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போனபின், மூன்றாவதைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். வயிறு வெளியே தெரியாமல் தொளதொள அங்கி பார்த்துக்கொண்டது. காப்பீட்டுக்கு மேய்ப்பர்களும் சந்தா கட்டினால் பிரசவத்துக்கு நாலு மாதப் பணம் உண்டு என்றார்கள். இரண்டு வருடமாக விடாமல் கட்டியிருந்தாள். அது வந்தால், ஆடுகள் குட்டி போடும் இந்தப் பருவத்துக்கு ஓர் ஆள் வைக்கலாம். வராவிட்டால் பச்சை உடம்போடு அவளே பட்டியில் இறங்க வேண்டும்.

"பிள்ளையில்லாத வீட்டுக்குச் சொந்தக்காரங்க ஒண்ணைக் கொடுக்குறது நம்ம பக்கம் வழக்கம்தானே," என்றாள் துயா. "அப்படி வந்த பிள்ளைக்கு இந்தப் பணம் கிடையாது."

"பால் கொடுக்குறேனே, கண்ணு தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. காகிதத்துக்குத் தெரியணுமே. நீ மாசமா இருந்தது தெரிஞ்ச சாட்சி வேணும். போன வாரம் டோல்கோரைக் கேட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டா."

துல்மாவுக்குச் சுருக்கென்றது. கோடையில் டோல்கோரின் கூடாரம் பக்கத்தில்தான் இருந்தது. "முகம் வெளுத்திருக்கே, விசேஷமா?" என்று அவள் ஒருநாள் கேட்டபோது, வயிற்றுக்கோளாறு என்று சொல்லித் தப்பித்திருந்தாள். அந்தப் பொய்க்குத்தான் இப்போது பழி வாங்குகிறாளோ?

வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. தயிர்க்கட்டிப் பையோடு டோல்கோரே உள்ளே வந்தாள். அதிகாரியைக் கண்டுகொள்ளவில்லை.

"பேரு வச்சாச்சா?"

"நேத்துதான் வச்சோம்க்கா," என்றாள் துல்மா, எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமல்.

"அப்பச் சரி." டோல்கோர் உட்கார்ந்து துயாவின் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கோ. குதிரைப் பால் கறக்குற மாசம் முழுக்க, குட்டிங்களைக் கட்டத் தரையோட இழுத்துக் கட்டின கயித்தை இவ தாண்டவே இல்ல. நாங்கள்லாம் காலைத் தூக்கிப் போட்டுப் போவோம். இவ மட்டும் வாளியோட கடைசி முளைவரைக்கும் சுத்திப் போவா. மாசமா இருக்கிறவ தாண்டினா பிள்ளை கழுத்துல தொப்புள்கொடி சுத்திக்கும்னு பயம். அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அதைப் போன வாரமே சொல்றதுக்கு என்ன?"

"பேரு வைக்காத பிள்ளையப் பத்தி வெளியில பேசினா அதுக்கு ஆகாது. ஆபீஸ் ஆளுகிட்ட எவ சொல்லுவா? உங்கம்மா சொல்லுவாளா?"

துயா எழுதிக் கையெழுத்து வாங்கினாள். "இது போதும். அடுத்த மாசம் பணம் வரும்."

துயாவின் வண்டி மேட்டைத் தாண்டும்வரை துல்மா பிள்ளையின் முகத்திலிருந்து துணியை எடுக்கவில்லை. எடுத்தபோது டோல்கோர் குனிந்து பார்த்தாள்.

"இதானா அந்த வயித்துக்கோளாறு?"