ஒரு பக்கக் கடி

காலை ஐந்து நாற்பதுக்குப் படகுச் சோதனை தொடங்கியது.

சங்கச் செயலாளர் டார்ச்சுடன் ஒவ்வொரு படகாக இறங்கினார். மீன் தொட்டியைத் திறந்து பார்த்தார். பெட்டிகளைக் கிளறினார். பாஸ் என்னும் ஏரி மீனைப் பிடிக்கும் இந்தப் போட்டியில் உயிர் இரை கூடாது. புழு, தவளை, குஞ்சு மீன் எதுவும் கூடாது. தூண்டில் முள்ளில், கையால் செய்த பொய் மீன் மட்டுமே தொங்கலாம்.

அவள் படகுத்துறையில் நின்றிருந்தாள். கீழே இரண்டு படகுகள் அடுத்தடுத்துக் கிடந்தன. ஒன்றில் அவள் கணவன். மற்றதில் அவள் அண்ணன். அண்ணனை ஏரியில் எல்லோரும் பேட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் செய்த பொய் மீனுக்குள் பேட்டரி இருந்தது. தண்ணீரில் போட்டால் கண் மின்னும், வால் அதிரும், வயிற்றுக்குள் ஏதோ டிக் டிக் என்று தட்டும்.

"லைட்டு, சத்தம், ஆட்டம். மீன் பிடிக்கப் போறியா, கல்யாணம் நடத்தப் போறியா மச்சான்?" என்றான் கணவன்.

"உயிர் இல்லையே மாப்ளே. சட்டத்துல இடம் இருக்கு."

"அடுத்த வருஷம் மீனே நடந்து வந்து படகுல உட்காந்துக்கும்."

"உட்காரட்டுமே. இறக்கியா விடப் போறேன்?"

அவள் சிரித்தாள். பேட்டரி போட்ட மீனில் அவளுக்கும் உடன்பாடில்லை. ஆனாலும் அதில் ஓர் உயிரும் துடிக்கவில்லை. போன வருஷச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அவள்தான் பேசினாள். ஓர் உயிரின் மூக்கில் முள்ளைக் குத்தித் தொங்கவிட்டு இன்னோர் உயிரைப் பிடிப்பதில் பிடிப்பவனின் திறமை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். உயிர் இரை வேண்டாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். முதலில் தூக்கியவன் அவள் கணவன்.

அவளுக்கு வேலை பல் செட்டு செய்வது. பல் வார்த்து மீந்த பிசினில்தான் இன்று கணவன் வீசப்போகும் பொய் மீனைச் செய்தாள். விளக்கில்லை, மணியில்லை. வயிற்றில் ஒரு சின்ன வளைவு மட்டும். அந்த வளைவால், இழுக்கும்போது அது அடிபட்ட குஞ்சு போல நொண்டும். வளைவு சரியாக வர இரண்டு வருஷம் ஆனது. சாப்பாட்டு மேசையில் இன்னும் உப்புத்தாளால் ராவிய தூள் உதிர்ந்துகொண்டிருந்தது.

கரையில் குடைக்கு அடியில் தூண்டில் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். இன்று எந்தப் பொய் மீனில் பெரிய மீன் கடிக்கிறதோ அதை அச்சில் வார்த்துக் கம்பெனி விற்கும். செய்தவர் பெயர் பெட்டியில் இருக்கும். பல் செட்டு முதலாளியிடம் மாதக் கடைசியோடு நின்றுவிடுவதாக அவள் சொல்லியாகிவிட்டது.

செயலாளர் கணவனின் படகில் ஒரு பிளாஸ்கைத் தூக்கினார். வாய் அகன்ற எவர்சில்வர் பிளாஸ்க்.

"இது?"

"சூப்பு" என்றாள் அவள், துறையிலிருந்து.

"தங்கச்சி கட்டிக் குடுத்ததை மோந்து பார்த்தா எனக்குத்தான் வயித்து வலி வரும்." செயலாளர் அதைத் திறக்காமல் இருந்த இடத்திலேயே வைத்தார்.

படகுகள் போயின.

மாலையில் திரும்பின. கணவனின் தொட்டியில் கிடந்த மீனை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. தராசில் வைத்தபோது கூட்டம் ஓவென்றது. அண்ணனின் மீன் அதற்கு அடுத்தது. கைப்பிடி அளவுதான் வித்தியாசம். எடை பார்த்ததும் வழக்கப்படி இரண்டையும் ஏரியில் விட்டார்கள். இரண்டும் வாலைச் சொடுக்கிவிட்டுப் போயின.

"தோத்தாலும் வீட்டுக்குள்ளதானே தோத்தேன்" என்று அண்ணன் கணவனைக் கட்டிக்கொண்டான். கம்பெனிக்காரர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவள் கையை நீட்டினாள். கணவன் சட்டைப் பையிலிருந்து பொய் மீனை எடுத்து உள்ளங்கையில் வைத்தான்.

இது அவர்களுக்குள் பழக்கம். மீன் பிடித்த ஒவ்வொரு முறையும் பொய் மீன் முதலில் அவள் கைக்கு வரும். பாஸ் மீனுக்குக் கோரைப்பல் கிடையாது. தாடை முழுக்க உப்புத்தாள் மாதிரி பொடிப் பற்கள். கடித்தால் வர்ணத்தில் கீறல் விழும். அதைப் பார்த்து மீன் எந்தப் பக்கமிருந்து வந்தது, துரத்தி வந்ததா, கீழே காத்திருந்ததா என்று சொல்வாள். பகல் முழுக்கப் பிறர் வாயின் கடியைப் பார்க்கிறவளுக்கு அது சிரமமில்லை.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

கீறல் இருந்தது. முதுகில், நிறைய. எல்லாம் ஒரே வாக்கில்.

திருப்பினாள். வயிற்றில் ஒன்றுகூட இல்லை. வளைவின் மேல் வர்ணம் நேற்றுப் பூசியது போலப் பளபளத்தது.

கடி என்றால் மேலும் இருக்கும், கீழும் இருக்கும். எந்த வாய்க்கும் இரண்டு தாடை.

விரலை முதுகில் ஓட்டினாள். நுனியில் வெள்ளைத் தூள் ஒட்டியது. வீட்டு மேசையில் உதிர்கிற அதே தூள்.

கூட்டம் கை தட்டுவது தெரிந்தது, கேட்கவில்லை. பொய் மீனைக் கைக்குள் மூடிக்கொண்டாள். படகுத்துறைக்கு நடந்தாள். ஏன் அங்கே போகிறோம் என்று தெரியாமலே நடந்தாள். கணவனின் படகில் இறங்கியபோது அது ஆடியது. பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டிக்குள் மடித்த உப்புத்தாள் ஒன்று இருந்தது. அவளுடையதுதான்.

பக்கத்தில் பிளாஸ்க். தூக்கினாள். கனத்தது. மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு மூன்று ஓட்டைகள். அவற்றின் மேல் டேப் ஒட்டிப் பிரித்த பிசுக்கு.

திறந்தாள்.

தண்ணீர். அதில் விரல் நீளக் குஞ்சுகள் நாலைந்து. வெளிச்சம் பட்டதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஒன்று மட்டும் ஏறாமல் பக்கவாட்டில் சாய்ந்து சுற்றியது. அதன் மூக்கில் துளை.

அவள் பிளாஸ்கைக் கீழே வைக்க மறந்தாள்.

கணவன் பின்னால் படகில் இறங்கி நின்றான். ஓடி வந்த வேகத்துக்கு மூச்சு வாங்கியது.

"மூடு" என்றான். "யாராவது பார்க்கப் போறாங்க."

"சூப்பு எங்க?"

"என்னது?"

"இதுல சூப்பு ஊத்தினேன். எங்க அது?"

அவன் குனிந்து பெட்டியை மூடினான்.

"எங்கே கொட்டுனீங்க? ஏரியிலயா?"

"வீட்டுல" என்றான். "நீ குளிச்சிட்டு இருந்தப்ப."

அவள் அவனைப் பார்த்தாள். இருட்டு பிரியாத நேரம். குளியலறையில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அவன் சமையலறைத் தொட்டியில் சூப்பைக் கொட்டி, கழுவி, தண்ணீர் பிடித்திருக்கிறான். அவள் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது பிளாஸ்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். போகலாமா என்று கேட்டான்.

"மதியம் வரைக்கும் உன் மீனைத்தான் வீசினேன். சத்தியமா. கை ஓஞ்சு போச்சு. ஒண்ணுகூடத் திரும்பிப் பார்க்கல. அப்புறம்தான்…"

"அப்புறம்தானா? காலையிலயே கொண்டு வந்துட்டீங்களே."

"ஒரு இதுக்குத்தான். கடிக்கலைன்னா என்ன பண்றதுன்னு."

"கடிக்காதுன்னு முடிவே பண்ணிட்டீங்க."

"உன் பேரு பெட்டியில வரணும்னுதான் செஞ்சேன். எனக்கா கேட்டேன்?"

"பழைய பொய் மீனெல்லாம் கடிச்ச தடத்தோட வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்கே. அதெல்லாம்?"

"அதெல்லாம் நிஜம்."

"இதையும் நிஜம்னுதானே கையில குடுத்தீங்க."

அவன் கரையைத் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "மீனைத் தண்ணியில விட்டாச்சு. யாருக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும்தான். இதைக் கவுத்துட்டாப் போச்சு." பிளாஸ்குக்குக் கை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை. மூக்கில் துளை விழுந்தது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே பக்கமாக, நொண்டி நொண்டி. அந்த நடையைத்தான் அவள் இரண்டு வருஷம் ராவிக்கொண்டிருந்தாள்.

பலகையில் காலடிச் சத்தம். அண்ணன் ஓடி வந்தான். பின்னால் செயலாளரும், கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி கம்பெனிக்காரரும். கணவன் பிளாஸ்கை மறைத்துக்கொண்டு நின்றான்.

"பாப்பா! இங்க என்ன பண்றே?" அண்ணன் துறையின் விளிம்பில் குந்தி உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "இவருகிட்ட உன்னைப் பத்திச் சொன்னேன். கடிச்ச தடத்தைப் பார்த்தே மீனோட ஜாதகத்தைச் சொல்லிருவான்னு. நம்ப மாட்டேங்கறாரு. அந்தப் பொய் மீனை எடு. இந்த மீனு எப்படிக் கடிச்சுதுன்னு இவருக்குச் சொல்லு பாப்பா."