ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவே ஒரு கோடு

எங்கள் பிரிவின் ஆண்டுச் சுற்றுலாவுக்கு ஏற்பாட்டாளன் நான்தான். ஏற்பாட்டாளன் என்றால் ரயிலில் கடைசியாக ஏறி, வெந்நீர்க் குளத்தில் கடைசியாக இறங்கி, ஏதாவது தவறினால் முதலில் தலைகுனிய வேண்டியவன். பத்துப் பேர், ஒரு ராத்தங்கல், குன்மா மலையில் ஒரு வெந்நீரூற்று விடுதி. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். ரயில் இருக்கை, அறை, யாருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, யார் குறட்டை விடுவார். குறட்டை விடுபவர்கள் நான்கு பேர் என்று எழுதியிருந்தேன். ஐந்து பேர் என்று பிறகு தெரிந்தது. ஐந்தாவது ஆள் நான்.

இந்த முறை என்னிடம் ஒரு தவறும் நேரக்கூடாது. மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. பிரிவில் ஒப்பந்த ஊழியர்கள் இரண்டு பேர், நானும் செரிசாவாவும். நிரந்தர இடம் ஒன்றுதான். அது யாருக்கு என்பதை மேலாளர் குசகாபே விருந்தின் முடிவில் சொல்வதாக அறிவித்திருந்தார். நல்ல செய்தியை எல்லோரும் வெந்நீரில் ஊறிய பிறகு சொல்வது அவர் வழக்கம். கெட்ட செய்தியையும் அப்படித்தான்.

விடுதியில் எல்லாச் செருப்பும் ஒரே பழுப்பு நிறம், ஒரே அளவு. மாறிப்போகாமலிருக்க வாசலில் ஒரு தட்டு நிறைய மர கிளிப்புகள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் தூரிகையால் ஓர் எண். ஆளுக்கொன்றை எடுத்துத் தன் செருப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். யாருக்கு எந்த எண் என்பதில் எங்கள் பிரிவில் சந்தேகமே இல்லை. மேலாளர் ஒன்று. துணை மேலாளர் இனுசுகா இரண்டு. அப்படியே பதவி வரிசையில் இறங்கி செரிசாவா ஒன்பது, நான் பத்து. செரிசாவா எனக்கு எட்டு நாள் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவன். அந்த எட்டு நாளை அவன் எட்டு வருடம் போலச் சுமந்து நடப்பான். எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். இனுசுகா மார்ச்சில் ஓய்வு பெறுகிறார், ஆறாம் எண் கவாசோயே ஏப்ரலில் ஓசகா கிளைக்குப் போகிறார் என்பதால், அந்த இருவருக்கும் விருந்தில் ஆளுக்கொரு மலர்க்கொத்து உண்டு என்பதையும் பக்கத்தில் எழுதினேன்.

மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் குளத்தில் இறங்கினோம். கந்தக வாசனையில் மேலாளரின் தலைமட்டும் நீருக்கு மேலே இருந்தது. அதன்மேல் நான்காக மடித்த சிறு துண்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் காலத்து இளைஞர்களுக்கு வெந்நீரில் பொறுமையாக உட்காரத் தெரியவில்லை என்று பேசிக்கொண்டிருந்தார். அதை எங்களால் மறுக்க முடியவில்லை. அவர் எழுவதற்குமுன் யாரும் எழக்கூடாது என்பதால் நாங்கள் ஒன்பது பேர் இறால்போலச் சிவந்து உட்கார்ந்திருந்தோம்.

வெளியே வந்து விடுதியின் யுகாதா அங்கியை உடுத்தும்போது இனுசுகா என் காதருகே சொன்னார்.

"சார் உன்னப் பத்தி நல்லபடியாத்தான் பேசினார். இன்னும் ரெண்டு மணி நேரம் எதையும் கெடுத்துக்காம இரு, போதும்."

அதையும் எழுதினேன். நோட்டும் தூரிகைப் பேனாவும் எப்போதும் என் யுகாதாக் கையின் பைக்குள் இருக்கும்.

ஆறு மணிக்கு விருந்து. செருப்புகளை வாசலில் விட்டு தாதாமிப் பாய் விரித்த அறைக்குள் போனதும், மேல் இருக்கைகளில் உட்காரமாட்டேன் என்று எல்லோரும் பின்வாங்கும் சடங்கு தொடங்கியது. நீங்க உட்காருங்க, ஐயோ நான் எப்படி, நீங்கதான் சரி. ஆறு நிமிடம் ஆயிற்று. கடைசியில் யார் எங்கே உட்காருவார்கள் என்று மூன்று வாரம் முன்பே நான் எழுதியிருந்தேனோ அங்கேயே எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சிறு அடுப்பு, அதில் நீலச் சுடர், மேலே காளானும் இறைச்சியும் வைத்த குட்டிச் சட்டி.

எங்களுக்குப் பரிமாற வந்தவர் ஹிசனோ என்ற அறுபது வயதுப் பணிப்பெண். அவர் வாசலில் குனிந்து எதையோ கிமோனோக் கையால் மறைத்து எடுத்துப் போவதை, அறையின் மறுகோடியிலிருந்து மேலாளர் பார்த்துவிட்டார். பிறர் தவறு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியும்.

"என்னம்மா எடுத்துட்டுப் போறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. வாசல ஒதுங்க வெக்கிறேன்."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு ஒளிக்கணும்? காட்டுங்க."

ஹிசனோ ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு காட்டினார். நீலப் பிளாஸ்டிக் செருப்பு ஒரு ஜோடி. கழிப்பறைக்குள் மட்டும் போட வேண்டிய செருப்பு. எங்களில் யாரோ கழிப்பறை வாசலில் தன் செருப்பை விட்டுவிட்டு, உள்ளே போட்டதை மாற்ற மறந்து, அதோடு விருந்து வாசல்வரை நடந்து வந்திருக்கிறார். மூன்று வயதுப் பிள்ளைகளே செய்யாத காரியம்.

செருப்பின் நுனியில், எங்கள் எழுத்தில் கழிப்பறை என்பதற்கான மூன்று எழுத்து அச்சிட்டிருந்தது. என் குடும்பப் பெயர் மிதராய். வாசிப்புதான் வேறு, எழுதுவது அதே மூன்று எழுத்து.

"மிதராய், உன் பேரப் போட்டு வெச்சிருக்காங்க பாரு," என்றார் மேலாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு அரை வினாடி முன்னால் சிரித்தவன் செரிசாவா. இந்த நகைச்சுவையை நான் முதல் வகுப்பிலிருந்து கேட்டுவருகிறேன். சொல்லும் ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வதால் நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பேன்.

"ஆனா இது சிரிக்கிற விஷயமில்ல," என்று மேலாளர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நாம செய்யறது வால்வு. ஒரு வால்வு தப்பாத் தெறந்தா ஒரு ஊருக்கே தண்ணி போச்சு. தன் கால்ல என்ன இருக்குன்னே தெரியாதவன் கையில நான் எப்படி வால்வக் குடுப்பேன்?"

பதினோரு நிமிடம் பேசினார். அடுப்புகளில் சுடர் ஒவ்வொன்றாக அணைந்தது. இறைச்சி ஒரு பக்கம் மட்டும் வெந்திருந்தது.

"சார், சாப்பாடு ஆறுது," என்றார் இனுசுகா.

"ஆறட்டும். ஒழுங்கு ஆறக்கூடாது." பிறகு என்னைப் பார்த்தார். "அந்த ஆளோட செருப்பு கழிப்பறை வாசல்ல கெடக்கும். நம்பர் இருக்கும்ல. மிதராய், போய் எடுத்துட்டு வா. உன் நோட்ட வெச்சு இங்கயே பாத்துருவோம்."

வெளியே வந்தேன். என் பத்தாம் எண் செருப்பு வரிசையில் ஒழுங்காக இருந்தது. அப்படியென்றால் நான் இல்லை. ஆனாலும் கிளிப்பை எடுத்து வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துக்கொண்டேன். என்னை நம்பி எதையும் முடிவு செய்ய எனக்குப் பழக்கமில்லை.

கழிப்பறை வாசலில் ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு இருந்தது. கிளிப்பில் இருந்த எண் ஒன்று.

நோட்டைத் திறந்தேன். ஒன்று, குசகாபே. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அப்போதும் குசகாபேதான்.

இதை அப்படியே கொண்டுபோனால் ஒன்பது பேர் முன்னால், பணிப்பெண் முன்னால், பதினோரு நிமிடப் பேச்சுக்குப் பிறகு, குற்றவாளி அவர். அதன்பின் என் ஒப்பந்தம் மார்ச்சுவரை தாங்குமா என்பதே சந்தேகம். எதுவும் கிடைக்கவில்லை என்று வெறுங்கையோடு போனால், ஒரு செருப்பைக்கூடத் தேடத் தெரியாதவன்.

எங்கள் எழுத்தில் ஒன்று என்பது படுத்திருக்கும் ஒரே ஒரு கோடு. அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டால் இரண்டு. இனுசுகா ஓய்வு பெறப் போகிறவர், அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. ஆனால் காலையில் ரயிலில் எனக்கு ஜன்னலோர இருக்கையைக் கொடுத்தவர் அவர். நடுவே இறங்கி வலப்பக்கம் வளைந்து மேலேறும் ஒரு கோடு போட்டால் ஏழு. அந்த வளைவு எனக்கு வராது. செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் தூரிகை எழுத்துப் படிக்கிறேன். என் வளைவுகளைப் பார்த்து ஆசிரியை, "இது என்ன, தூண்டில் முள்ளா?" என்று கேட்பார். வளைக்காமல் நேராக ஒரு கோட்டை இறக்கினால் பத்து.

அந்தக் கோடும் எனக்கு ஒழுங்காக வந்ததில்லை. குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் மாதிரி இருக்கிறது என்பார் ஆசிரியை. ஆனால் அந்த நடைவழியில், கழிப்பறை விளக்கு வெளிச்சத்தில், செருப்புமேல் குனிந்து நான் இழுத்த கோடு மூங்கில்போல நின்றது. மூன்று மாத வகுப்பின் பலன். ஊதி உலர்த்தினேன். என் காலிலிருந்த செருப்பின் கிளிப்பைக் கழற்றி யுகாதாக் கையின் பைக்குள் போட்டேன். மேலாளருக்குத் தெரிந்துவிடும், புரிந்துகொள்வார், வாயால் சொல்லாவிட்டாலும் மனதில் வைத்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். அதற்குப் பெயர் நம்பிக்கையா பேராசையா என்று தெரியவில்லை. இரண்டையும் நோட்டில் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன்.

மேலாளர் கிளிப்பைக் கையை நீட்டிப் பிடித்து வாசித்தார்.

"பத்து. பத்து யாரு?"

"நான்தான் சார்."

நெற்றி பாயில் படக் குனிந்தேன். நிமிரும்போது அவர் முகத்தைத் தேடினேன். கண் சிமிட்டல், உதட்டோரம் ஓர் அசைவு, ஏதாவது. அங்கே குற்றவாளி பிடிபட்ட நிம்மதி மட்டும் இருந்தது. கழிப்பறைக்குப் போன நினைவே இல்லாத, சுத்தமான முகம்.

"பேரப் பாத்தே சொன்னேன்ல," என்றார் சபையிடம்.

"சொன்னீங்க சார்," என்றான் செரிசாவா.

மலர்க்கொத்துகள் கொடுத்து முடித்ததும் அவர் எழுந்து நின்றார்.

"உண்மையச் சொல்லணும்னா, இன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் என் மனசுல இருந்தது மிதராய்தான். ஏற்பாடுன்னா இவன மாதிரி யாரும் செய்ய முடியாது. ஆனா நான் ஒரு பேச்சுப் பேசிட்டு அதுக்கு மாறா நடக்க முடியுமா? அதனால நிரந்தர இடம் செரிசாவாவுக்கு. மிதராய், உனக்கு இன்னும் ஒரு வருஷம் ஒப்பந்தம். அடுத்த வருஷச் சுற்றுலாவும் நீதான். காலப் பாத்து நட, என்ன?"

இனுசுகா தன் கிண்ணத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன், தாளம் தவறாமல்.

வாசலில் மேலாளர் தன் செருப்பைத் தேடினார். எண் இல்லாத ஒரு ஜோடிதான் மிச்சம். அது என்னுடையது. அதில் காலை நுழைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என் நம்பர் எங்க? விழுந்து போச்சா? இதக்கூடப் பாத்துக்க மாட்டியா?"

"மன்னிச்சிருங்க சார்."

மறுநாள் காலை கிளம்பும்போது, பைக்குள் ஒளித்த கிளிப்பையும் தட்டில் போட்டுவிட்டேன். ஹிசனோ தட்டில் கிளிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். "ரெண்டு, மூணு, நாலு," என்று போய், "ஒம்பது, பத்து, பத்து," என்று முடித்தார். ஒரு பத்தை எடுத்து மூக்கருகே வைத்தார்.

"மை வாசன இன்னும் போகல."

நான் மன்னிப்புக் கேட்கக் குனிந்தேன்.

"விடுங்க தம்பி. கோடு நல்லா வந்திருக்கு. போன மாசம் ஒரு பாங்க்காரர் போட்டாரு, மண்புழு நெளிஞ்ச மாதிரி."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். உள்ளே கிளிப்புகள். பத்து, பத்து, பத்து. தடித்த கோடு, மெலிந்த கோடு, நடுங்கிய கோடு. பால்பாயிண்ட் பேனாவால் போட்டதும் ஒன்று இருந்தது. இடையிடையே நாலைந்து இரண்டுகள்.

"ஒண்ணாம் நம்பர் மட்டும் எங்ககிட்ட நிக்கிறதே இல்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவ புதுசா எழுத வேண்டியிருக்கு. பெரியவங்களுக்குக் கழிப்பறையில ஞாபகம் நிக்கிறதில்ல போல."

"இத எழுதினவங்களுக்கெல்லாம் நெனச்சது கெடச்சுதா?"

"எனக்கெப்படித் தெரியும்? அடுத்த வருஷமும் கையில நோட்டோட அவங்கதான் வர்றாங்க."

டின்னுக்குள் விரலால் கிளறிப் பார்த்தேன்.

"ஏழு இருக்கா?"

ஹிசனோ என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரித்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

"ஏழு வந்ததில்ல தம்பி. அந்த வளைவு லேசுல வராதே."

திரும்பும் ரயிலில் நோட்டைப் பிரித்து அடுத்த ஆண்டு வரிசையை எழுதினேன். இனுசுகா இருக்கமாட்டார். கவாசோயே இருக்கமாட்டார். அவர்களுக்குக் கீழே உள்ளவர்கள் மேலேறுவார்கள். இரண்டு முறை சரிபார்த்தேன். ஒன்று, குசகாபே. ஏழு, செரிசாவா.

செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் ஒரே எண்ணை மட்டும் எழுதினேன். கிடைக்கோட்டைத் தொடாமல், நடுவில் இறங்கி வளையும் அந்த ஒரு கோட்டை மட்டும் தனியாக நாற்பது முறை, பிறகு சேர்த்து நாற்பது முறை. முதல் அறுபது தூண்டில் முள்தான். எழுபதுக்குமேல் கொஞ்சம் படிந்து வந்தது, அல்லது வந்ததாக எனக்குத் தோன்றியது. ஆசிரியை என் பின்னால் வந்து நின்றார்.

"எதுக்கு இத்தன ஏழு?"

"அடுத்த வருஷச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு பண்றேன் டீச்சர்," என்றேன்.