கத்தரினின் பேச்சுப்பெட்டி

மலேசியாவின் உலு திராமில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கும் அமலநாதன், சிறுவர்களுக்குக் கதை எழுதுகிறவர். கோலாலம்பூரில் சிறுவர் பதிப்பகம் நடத்தும் சாந்தினி ஒருநாள் அவருக்குப் போன் செய்தார். நம் ஊர்க் கண்டுபிடிப்பாளர் ஒருவரின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்கு எழுதித் தர வேண்டும் என்றார்.

"யாரப் பத்திம்மா?"

"உங்க வைஃப் பத்திதான் சார்."

அமலநாதனின் மனைவி கத்தரின், ஒலிக்கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளர். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியைக் கண்டுபிடித்தவர். சோபாவின் கைப்பிடியில் அதை வைத்துவிட்டால், டிவியில் வரும் பேச்சு மட்டும் காதருகே தெளிவாகக் கேட்கும். பின்னணி இசை அடங்கிவிடும். இப்போது ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் கடைகளில் விற்கிறது. வீட்டில் அதற்குப் பெயர் பேச்சுப்பெட்டி.

அமலநாதன் ஆசையோடு எழுத உட்கார்ந்தார். இரண்டு வாரத்தில் முதல் பிரதி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கத்தரினிடம் கொடுத்தார். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு முதல் வரியை வாய்விட்டுப் படித்தார்.

"'ஐந்து வயதிலேயே கத்தரின் வானொலியைப் பிரித்துப் போட்டாள்.' யாரு, நானா?"

"லாபிஸ்ல உங்க வீட்டுல அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு நீதானே சொன்ன?"

"அது நான் இல்ல லா, எங்கண்ணன் எல்வின். நான் கரண்டுன்னாலே ஓடுவேன். ஃபோர்ம் த்ரீ, பதினஞ்சு வயசு வரைக்கும் இஸ்திரிப் பெட்டியக்கூட தொட்டதில்ல."

"புள்ளைங்க புஸ்தகத்துக்கு ஒரு தொடக்கம் வேணும்ல."

"பயந்தாங்கொள்ளின்னு தொடங்குங்க. பயப்படுற புள்ளைங்களுக்கு நல்லாயிருக்கும்."

அமலநாதன் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். கத்தரின் மேலும் சில பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் அவர் கை நின்றது.

"'பக்கத்து வீட்டில் காது கேளாத ஒரு முதியவர் இருந்தார். அவர் படும் பாட்டைப் பார்த்துக் கத்தரின் மனம் இரங்கினாள்.' ஐயோ அலமாக், யாருங்க இந்த முதியவர்?"

அமலநாதன் உரிக்காத வெங்காயம் ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

அந்த முதியவர் அவர்தான். சின்ன வயதில் வந்த பொன்னுக்கு வீங்கியில் அவருடைய வலது காது போய்விட்டது. நாற்பதைத் தாண்டியபின் இடது காதும் மந்தமாகத் தொடங்கியது. டிவி சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "செய்தி கேக்க நான் டிவியே போடுறதில்ல, ஒங்க வீட்டுச் செய்தியே எங்க அடுப்படிக்கு வந்துருது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அமலநாதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒன்றும் விளங்காமலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தவறான இடங்களில் சிரிப்பதைக் கவனித்துத்தான் கத்தரின் பெட்டியைச் செய்யத் தொடங்கினார்.

முதலில் செய்த பெட்டி, தொடரில் கதாநாயகி அழுததையும் இசை என்று நினைத்து அடக்கிவிட்டது. அவள் வாயைத் திறந்து திறந்து மூட, வீட்டில் நிசப்தம். அடுத்தது சூடேறி சோபாவைக் கருக்கியது. மூன்று வருடம் போனது. புதிதாகச் செய்த பெட்டியைச் சோபாவில் வைத்த ஒருநாள் மாலை, அமலநாதன் திரையைப் பார்த்தபடி, "இவ அவனோட அக்காவா? நான் பொண்டாட்டின்னுல்ல நெனச்சேன்," என்றார். கத்தரின் அடுப்படிக்குப் போய் மகிழ்ச்சியில் அழுதார்.

"நீங்க இல்லாம இந்தக் கதை கிடையாதுங்க," என்றார் கத்தரின் இப்போது. "எனக்கு யார் மேலயும் மனம் இரங்கல. நீங்க என்கூட உக்காந்து டிவி பாக்கணும்னு ஆசப்பட்டேன். அவ்வளவுதான்."

"ஸ்கூல்ல யாருக்கும் தெரியாது கத்தரின். தெரிஞ்சா புள்ளைங்க என்ன நெனைக்கும்?"

"அப்ப என்னப் பத்தியும் எழுதாதீங்க."

மூன்று நாள் யோசித்தார். பிறகு முதியவரை நீக்கிவிட்டு, 'அமலநாதன் என்ற ஆசிரியர்' என்று எழுதினார். அச்சுக்குப் போவதற்குமுன் பிள்ளைகளிடம் படித்துக்காட்டும்படி சாந்தினி சொல்லியிருந்தார். நான்காம் ஆண்டு வகுப்பில் அவர் படித்த அன்று, கத்தரின் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

இஸ்திரிப் பெட்டிக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். காதைப் பற்றிய இடம் வந்தபோது அமலநாதனின் குரல் இறங்கிவிட்டது. படித்து முடித்ததும் லோஷினி என்ற பெண் கையைத் தூக்கினாள்.

"சார், அன்னைக்கு நான் ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன். நீங்க சொல்லலன்னு நிக்க வச்சிங்க."

"எங்க உக்காந்திருந்த?"

"ஜன்னல் பக்கம்."

அது அவருடைய வலது பக்கம். அமலநாதன் புத்தகத்தாள்களை மேசைமேல் வைத்தார்.

"நீ சொல்லித்தான் இருப்பம்மா. எனக்குத்தான் கேக்கல. மன்னிச்சிரு."

"பரவால்ல சார். இப்ப சொல்லவா?"

அவர் மேசையைச் சுற்றி வந்து, இடது காது அவள் பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டார். லோஷினி கடகடவென்று முழுதும் சொன்னாள். வகுப்பு கைதட்டியது.

பள்ளி விட்டதும் இருவரும் சாலையோரக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தார்கள். கத்தரின் வழக்கம்போல் அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்தார். தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"என்ன யோசன?" என்றார் அமலநாதன்.

"அந்த ஜன்னல் பக்கம். அங்கேருந்து புள்ளைங்க பேசறது ஒங்ககிட்ட வரணும். சின்னதா ஒரு மைக், ஒங்க சட்டையில ஒரு பெட்டி. செய்யலாம்னு தோணுது."

"அப்ப இன்னொரு அத்தியாயம் எழுதிருவோமா?"

"மொதல்ல அது வேல செய்யட்டும் லா. ரொட்டி ஆறுது பாருங்க."

புத்தகம் ஜூன் மாதம் வெளிவந்தது. அந்தப் புதுப் பெட்டி அதில் இல்லை. கத்தரின் இன்னும் அதைச் செய்துகொண்டிருக்கிறார்.