ஒரு கட்டை கீழே

ஒத்திகை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது ஒலிபெருக்கியில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் பாடினாள். புதிதாக யாரையோ பிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவன் கேபிள் பெட்டியைக் கீழே வைத்தான். கொஞ்சம் கனத்த குரல். வயது நாற்பதைத் தாண்டியிருக்கலாம். மதியம் தூங்கி எழுந்து முகம் கழுவாமல் பாடுகிற மாதிரி ஒரு சோம்பல் அதில் இருந்தது. இரண்டாவது அடியின் கடைசிச் சொல்லை அந்தப் பெண் மூக்கால் லேசாகத் தட்டி விட்டாள். அந்தத் தட்டல் அவனுக்குத் தெரியும். காபி ஆறிப்போச்சு என்று சொல்லும்போதுகூட அவன் மனைவி அப்படித்தான் தட்டுவாள். அவளை எரித்துவிட்டு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

அவன் நேராக லேப்டாப்புக்குப் போய்ப் பாட்டை நிறுத்தினான். குரல் நின்றது. கீபோர்டு நின்றது, கிட்டார் நின்றது. காதில் இயர்போன் மாட்டித் தன் தாளப் பெட்டியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த டிரம்மர், ஒன்றும் தெரியாமல், கண்ணை மூடியபடி தனியாக வாசித்துக்கொண்டே இருந்தார். யாரோ முதுகில் தட்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"வாப்பா" என்றார் மாஸ்டர். குழு அவருடையது, பாட்டு அவர் போட்டது, அதில் வரும் ஆண் குரலும் அவருடையதே. "நீ வர்றதுக்குள்ள ஒரு தடவ ஓட்டிப் பாத்துரலாம்னு…"

"அவ குரல என்ன பண்ணியிருக்கீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே."

"எறக்கியிருக்கீங்க."

"ஓ, அதுவா. ஒரே ஒரு கட்டைதான்."

பாடுகிறவர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு கட்டை. செருப்பு அளவு மாதிரி, மாற்றிப் போட்டால் நடக்கலாம், ஆனால் கடிக்கும். அவளுக்கு ஐந்தரை. அந்தப் பாட்டும் ஐந்தரையில் பிறந்த பாட்டு. அதில் மாஸ்டர் பாடும் சரணம் உச்சிக்குப் போய் நிற்கும், அவருக்கு அது எட்டாது. ஒத்திகைக்கு ஒத்திகை இதே தகராறு. "கொஞ்சம் எறங்கி வாம்மா" என்பார். "பாட்டு இங்கதான் மாஸ்டர் இருக்கு. நீங்க ஏறி வாங்க" என்பாள் அவள். எல்லோரும் சிரிப்பார்கள். மாஸ்டரும் சிரிப்பார், மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு.

மேடையில் ஏறத்தான் செய்தார். அதற்கும் அவள்தான் வழி செய்திருந்தாள். அவர் சரணம் வரும்போது மைக்கைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு, அதே மெட்டை மெதுவாக முனகுவாள். சபைக்கு அது கேட்காது, அந்த நேரத்தில் அவள் ஒலியைக் குறைத்துவிடுவது சவுண்ட் மிக்சரில் உட்கார்ந்திருக்கும் அவன் வேலை. ஆனால் மாஸ்டரின் காலடியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும். அந்த முனகலைப் பிடித்துக்கொண்டு அவர் கழுத்து நரம்பு புடைக்க ஏறிவிடுவார். கைதட்டலை அவர் வாங்கிக்கொள்வார். இதைப் பற்றி மூன்று பேரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

இப்போது வாதாட ஆள் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு எண்ணை மாற்றினார்கள், இறங்கி வந்துவிட்டாள்.

"நடுவுல என்னமோ முனகல் வேற இருந்துச்சுப்பா" என்றார் மாஸ்டர். "இரைச்சல். எல்லாத்தையும் வெட்டிச் சுத்தமாக்கிட்டோம்."

அவன் அவர் முகத்தையே பார்த்தான். அவர் விளையாடவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாதா, அல்லது தெரியாமல் இருப்பதற்குப் பழகிவிட்டாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

குரலைக் கொடுத்ததும் அவன்தான். பழப்பையோடு வீட்டுக்கு வந்து மாஸ்டர் கேட்டார். அவள் கடைசியாகப் பாடிய கச்சேரியில் அவள் மைக்கில் விழுந்தது மட்டும் தனியாக அவனிடம் இருந்தது. அப்போது அவன் இருந்த நிலைமையில் வீட்டு வாசல்கதவைக் கேட்டிருந்தால்கூடத் திருகாணியைக் கழற்றிக் கொடுத்திருப்பான். பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். இலவச சிகிச்சை மையத்துக்கு இன்னொரு டயாலிசிஸ் மெஷின் வாங்கக் கச்சேரி. அதற்கு யார் மாட்டேன் என்பார்கள்? அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. அது பழுதானால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். அவளும் காத்திருந்தாள். காத்திருக்கிற தெம்பு எல்லாருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை.

"பழைய சுருதியிலயே போடுங்க" என்றான்.

"யாருக்குய்யா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுது."

"நீ ஒருத்தன். ஹாலுல எத்தன பேரு!" மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தப் பாட்டு முடிஞ்சதும்தான் பெரிய மனுஷங்க மேடைக்கு வந்து யாரு யாரு எவ்வளவு தர்றாங்கன்னு சொல்லப்போறாங்க. நான் அங்க நின்னு கத்தித் தொண்ட கிழிஞ்சா, உன் மெஷின்தான் போகும். யோசிச்சுக்கோ."

உன் மெஷின் என்றார்.

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். அவளுடைய அப்பா. ஒத்திகைக்கு வந்து ஒரு தடவை கேட்கவேண்டும் என்று காலையிலிருந்து பிடிவாதம். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையால் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"மாமா, நீங்க சொல்லுங்க. இது அவ குரல் மாதிரியா இருக்கு?"

"அவளேதான் மாப்ள." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சின்னப் புள்ளையில சளி புடிச்சா இப்படித்தான் இருக்கும்."

பெற்றவரே ஒரு காரணம் கண்டுபிடித்து அந்தக் குரலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிடுங்குவது எப்படி?

வெளியே வராந்தாவில் ரசிகர் மன்றத் தலைவன் அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஊரில் எங்கே என்ன நடந்தாலும் முதல் பேனர் அவனுடையதாக இருப்பதால் அவனுக்குப் பெயரே பேனர் என்று ஆகிவிட்டது. பெட்டி நிறைய டி-ஷர்ட். ஒவ்வொன்றின் மார்பிலும் அவள் முகம், அவள் ஒரு நாளும் போடாத உதட்டுச் சாயத்தோடு.

"அண்ணே, உங்களுக்கு ஒரு எக்ஸ்எல் எடுத்து வச்சிருக்கேன்."

"தோச்சா போயிருமா?"

"அட, போகவே போகாதுண்ணே. அடிச்சுத் தோச்சாலும் அப்படியே நிக்கும். கேரண்டி."

இதே பேனர்தான் சிகிச்சை மையத்துக்குள் நுழைந்து, கையில் குழாயோடு படுத்திருந்தவளின் தலைமாட்டில் நின்று செல்ஃபி எடுத்தவன். "அக்கா, கொஞ்சம் சிரிங்க" என்றான். அவள் சிரித்தாள். அந்தப் படத்துக்கு எத்தனை இதயம் விழுந்தது என்று அடுத்த தடவை வந்து சொல்லிவிட்டுப் போனான். கெட்டவன் இல்லை. அவளுக்கு ரத்தம் வேண்டும் என்றபோது ராத்திரி என்றும் பார்க்காமல் ஆள் கூட்டிக்கொண்டு வந்தவனும் இவன்தான். அதுதான் தொல்லை. இவர்களில் ஒருவனாவது முழு அயோக்கியனாக இருந்தால் அவனை நாலு அறை அறைந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். எல்லோரும் நல்ல காரியம் செய்துகொண்டிருந்தார்கள்.

தண்ணீர்க் குழாயடியில் கீபோர்டு அக்கா பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளும் மனைவியும் ஒரே சீப்பைப் பயன்படுத்தியவர்கள். அவனைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"நான் சொல்லிப் பாத்தேன். கேக்கல."

"ம்."

"என் பொட்டியில சுருதி ஏத்த ரெண்டு அமுக்கு அமுக்கணும். கிட்டார்காரன் கம்பிமேல மாட்டுற க்ளிப்பக் கொஞ்சம் தள்ளிப் போடணும். எங்களுக்கெல்லாம் மூச்சு விடுற நேரம் போதும்." பாட்டிலை மூடினாள். "சும்மா சொன்னேன். நீ பாட்டுக்கு எதையாச்சும் செஞ்சு வைக்காத."

மறுநாள் சாயங்காலம் மண்டபம் நிரம்பிவிட்டது. எங்கே திரும்பினாலும் அவள் முகம். தொப்பைமீது அகன்ற முகம், ஒல்லி மார்பில் சுருங்கிய முகம், குழந்தையின் முட்டிவரை தொங்கும் முகம். பாப்கார்ன் சிதறிய ஒரு முகம்கூட அவனைத் தாண்டிப் போனது. மண்டபத்தின் பின்பக்கம், தட்டி கட்டிய மேடையில், மிக்சருக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருந்தான். மேடையில் இருப்பவர்களும் அவனும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்கலாம். நடுவில் இருந்ததெல்லாம் தலைகள்.

இடைவேளையில் ஒருவர் மெதுவாகப் படியேறி வந்தார். சிகிச்சை மையத்தில் அவளுக்கு அடுத்த முறைக்கு அதே நாற்காலியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்ட லாரி டிரைவர். முழங்கைக்குக் கீழே புதுப் பிளாஸ்திரி.

"மெஷின் வந்துரும்ல தம்பி?"

"வந்துரும்ணே."

"வந்தா ஒரு நாளாச்சும் லோடு எடுக்கப் போவேன். வீட்ல இருந்தா பைத்தியம் புடிக்குது." சுற்றிலும் பார்த்தார். "உங்க வீட்டம்மா இருந்திருந்தா இந்தக் கூட்டத்தப் பாத்துச் சிரிச்சிருக்கும்."

அவர் இறங்கிப் போன பிறகு அவன் முடிவு செய்துவிட்டான். மாஸ்டர் கேட்டதையே போட்டுவிடலாம். சளி பிடித்த குரலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். செத்தவளுக்குச் சுருதி பார்த்து உயிரோடு இருக்கிறவனின் நாற்காலியைப் பிடுங்குவதா? லேப்டாப் திரையில் இரண்டு கோப்புகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இறக்கியது மேலே, அவளுடையது கீழே. இரண்டுக்கும் தாளம் ஒன்றுதான், டிரம்மருக்கு வித்தியாசமே தெரியாது. மேலே இருந்ததன்மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினான்.

மேடையில் விளக்குகளைக் குறைத்தார்கள். பின்திரையில் அவள் படம் எழுந்தது. கூட்டம் கத்தியது, பிறகு தானாகவே அடங்கியது. மாஸ்டர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவள நான் பாடகியா பாக்கல. என் பொண்ணா பாத்தேன்." குரல் தழுதழுத்தது. அவன் பழக்கத்தில் அவர் மைக்கைக் கொஞ்சம் ஏற்றிவிட்டான். "நான் கிழிச்ச கோட்ட அவ தாண்டினதே இல்ல. எறங்குன்னா எறங்குவா, ஏறுன்னா ஏறுவா. கடைசி வரைக்கும் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அப்படியொரு புள்ள."

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் மாமா தலையை ஆட்டி ஆட்டி அழுதார். கீபோர்டு அக்கா தன் கட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இத்தனை மாதமாக மரத்துக் கிடந்த அவன் கையில் ரத்தம் திரும்பி வந்து சுருக் சுருக்கென்று குத்தியது. அவ்வளவுதான். அம்பு ஒரு வரி கீழே இறங்கியது. அமுக்கினான்.

பாட்டு தொகையறாவில் ஆரம்பிக்கும். வாத்தியம் எதுவும் கிடையாது, அவள் மட்டும். இருட்டில் அந்தக் குரல் கிளம்பியது. மெலிசாக, பிசிறில்லாமல், பிடிவாதமாக. இதுதான் அவள். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் மொட்டைமாடிக்குக் கேட்கும் குரல். மாமாவின் முதுகு சட்டென்று நிமிர்ந்ததை அவன் இங்கிருந்தே பார்த்தான். கீபோர்டு அக்கா தலையைத் தூக்கவே இல்லை. விரல் மட்டும் ஓரத்துக்குப் போய் இரண்டு முறை அமுக்கிவிட்டுத் திரும்பியது. கிட்டார்காரன் அவளைப் பார்த்தான், கழுத்துப் பக்கம் இருந்த க்ளிப்பை நகர்த்தினான். தொகையறா முடியும் இடத்தில் எல்லோரும் சரியாக வந்து சேர்ந்தார்கள், ஐந்தரையில்.

மாஸ்டர் மட்டும் அப்படியே நின்றார். விளக்குகளுக்கும் தலைகளுக்கும் மேலாக அவர் பார்வை நேராக மிக்சருக்கு வந்தது. அவன் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பல்லவி போனது. அவருடைய சரணம் நெருங்கியது. சபைக்குப் போகும் அவள் ஒலியை அவன் வழக்கம்போலக் குறைத்தான். வாயைத் திறந்தார். முதல் அடியைப் பிடித்துவிட்டார், இரண்டாவதில் மூச்சு வாங்கியது. ஏற்றம் வந்தது. அவன் காத்திருந்தான். கிழியட்டும். எல்லார் முன்னாலும் கிழியட்டும்.

மாஸ்டர் சிரித்தார். மைக்கைத் தூக்கிக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார், நீங்க பாடுங்க என்கிற மாதிரி.

எத்தனை வருஷ மேடை! தப்பித்துவிட்டார். கூட்டம் அதைப் பரிசாக எடுத்துக்கொண்டு எழுந்து நின்றது. பேனர் ஒரு நாற்காலிமேல் ஏறிக் கையை விசிறினான். மண்டபமே பாடியது. பாதிப் பேர் வசதியான இடத்துக்கு இறங்கிக்கொண்டார்கள், மீதிப் பேர் ஏறப்போய்த் தொண்டை உடைந்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் ஓர் அடிகூடத் தாங்காது. மாஸ்டரின் நீட்டிய கை மெல்ல இறங்கியது. மைக் மறுபடி அவர் வாய்க்கு வந்தாகவேண்டும். உச்சி இன்னும் பாக்கி இருந்தது. முன்வரிசையில் பெரிய மனுஷர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் லாரி டிரைவர், பிளாஸ்திரி போட்ட கையை உயர்த்திக்கொண்டு, வாயை அகலத் திறந்து பாடிக்கொண்டிருந்தார்.

அவன் ஹெட்ஃபோனை மாட்டி, அன்று அவள் மைக்கில் விழுந்ததை மட்டும் தனியாகக் கேட்கும் பொத்தானை அமுக்கினான். மண்டபம் அணைந்தது. வளையல் ஒன்று மைக்கில் இடித்தது. பிறகு வந்தது, முனகல். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சு இழுத்து இழுத்து, அன்றைக்கு இருந்த உடம்போடு, அந்த ஆளுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தாள். மெட்டின் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தாள்.

மேடையில் மாஸ்டர் குனிந்து தன் காலடி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் வரவில்லை. அவள் குரலை அதற்கு அனுப்பும் குமிழ் அவன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது, இன்னும் திருகாமல். அதற்கு மேலே அவள் குரலின் அளவைக் காட்டும் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன.