சிங்கத்துக்கு நைட் ஷிப்ட்

அந்த வீட்டில் பகல் நேரத்தில் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு வேலை, அதுவும் இரவு ஷிப்ட். ஊரே எழுந்து பல் தேய்க்கிற நேரத்துக்குச் சட்டையெல்லாம் மாவாக வந்து சேருவார். குளித்து, ஏதோ இரண்டு வாய் சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அதுவரை குக்கர்கூட அடக்கித்தான் வாசிக்க வேண்டும்.

"என் பிள்ளைங்க நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே நுனிக்கால்ல நடக்கப் பழகிடுச்சுங்க" என்று, தான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அம்மா வேடிக்கையாகச் சொல்வாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு மட்டும் எங்கேயோ உறுத்தும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை முடிந்து வந்த அப்பா, படுக்கையைப் பார்க்காமல் சட்டையை மாற்றிக்கொண்டு நின்றார்.

"கிளம்புங்க. மிருகக்காட்சி சாலைக்குப் போறோம்."

"என்னங்க, தூங்க வேணாமா?"

"ஒரு நாள் தூங்கலேன்னா குடியா முழுகிடும்?"

அதற்குள் இரண்டு பிள்ளைகளும் செருப்பை மாட்டியாகிவிட்டது. பெரியவனுக்கு ஏழு வயது. ஒட்டகச்சிவிங்கிதான் முதலில் என்று தெருமுனையிலேயே சட்டம் போட்டான். சின்னவளுக்கு நாலு. ஆள் கையகலம்தான், ஆனால் பேச்சு சுருக்கென்று இறங்கும். அதனால் எல்லோருக்கும் அவள் குண்டூசி. "சிங்கம்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். மிருகக்காட்சி சாலையின் வாசலை ஒட்டியே சிங்கம் இருந்ததால் அவள் பக்கம் ஜெயித்தது.

தடுப்புக் கம்பிக்கும் பள்ளத்துக்கும் அந்தப் பக்கம், பாறை நிழலில், சிங்கம் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. நாலு காலும் நாலு திசையில். சுற்றி நின்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலால் கம்பியைத் தட்டித் தட்டி, "டேய்! எழுந்திருடா!" என்று கத்தினார். தட்டுகிற தட்டில் அவருடைய கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. பிரேம் ஒரு அளவு பெரிசு என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தபோதே, பக்கத்தில் நின்ற குண்டூசியைக் காணோம்.

அவள் கம்பியின் கீழ்ப்படியில் ஏறி, சிங்கத்துக்கு முதுகையும் கூட்டத்துக்கு முகத்தையும் காட்டி நின்றாள். வாய்மேல் விரல்.

"ஷ்ஷ்ஷ்! சத்தம் போடாதீங்க. அது நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்குது."

பாட்டில்காரர் கையை நிறுத்தினார். "சிங்கத்துக்கு ஏது பாப்பா நைட் ஷிப்ட்?"

"எல்லா அப்பாவும் நைட் ஷிப்டுக்குத்தான் போவாங்க. விளையாடணும்னா அந்தப் பக்கம் போய் விளையாடுங்க. எத்தனை வாட்டி சொல்றது?"

அந்தக் கடைசி வார்த்தைகள், அந்த இழுப்பு, இடுப்பில் வைத்த கை எல்லாமே அம்மாவுடையவை. அம்மாவுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் கூட்டம் அடங்கிவிட்டது. விசில் அடித்த பையன்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். பாட்டில்காரர் குனிந்து ரகசியக் குரலில் கேட்டார்: "சார் எப்போ எழுந்திருப்பாரு?"

"சாயங்காலம். ஆனா எழுந்ததும் பேசக்கூடாது. டீ குடிச்சப்புறம்தான் பேசணும்."

அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவருக்கும் ஒரு "ஷ்ஷ்" கிடைத்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. குண்டூசி அந்த இடத்தை விட்டு அசைய மறுத்தாள். "நான் போயிட்டா யாரு பாத்துக்கறது?" என்றாள். குரங்கு என்றார்கள், யானை என்றார்கள், ஐஸ்கிரீம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. பெரியவனை அம்மா கூட்டிப் போகிறேன் என்றால் அவன் அப்பாவோடுதான் போவேன் என்று முறுக்கிக்கொண்டான். சரி, முதலில் சாப்பிடுவோம் என்று எதிரே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாதி பன்னைக் கையில் பிடித்தபடியே அப்பா தூங்கிப்போனார்.

அவரை எழுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. பெரியவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மண்ணில் ஒட்டகச்சிவிங்கி வரைந்தான். குண்டூசிக்கோ இப்போது காவல் இரண்டாகிவிட்டது. அங்கே ஒரு பார்வை, இங்கே ஒரு பார்வை என்று அவள் தலை திரும்பிக்கொண்டே இருந்தது.

வெயில் சாய்ந்தபோது சிங்கம் புரண்டது. எழுந்தது. பிடரியை ஒரு உதறு உதறி, வாயைப் பிளந்து கொட்டாவி விட்டு, நேராகப் பள்ளத்தின் விளிம்புக்கு நடந்து வந்தது.

"அப்பாவை எழுப்பணும்!" பெரியவன் ஓடினான். அவனுக்கு முன்னால் குண்டூசி போய்க் கையை விரித்து நின்றுவிட்டாள்.

"எழுப்பாதே! அப்பா தூங்குறாரு!"

"சிங்கம் போயிடும்டி!"

"போனா போகட்டும்!" என்றாள். சொல்லும்போதே உதடு பிதுங்கியது. அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு உயிரே போய்க்கொண்டிருந்தது. அது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"எழுப்பு கண்ணு. இன்னிக்கு எழுப்பலாம்."

"திட்ட மாட்டாரா?"

"உங்க அப்பா என்னிக்குடி திட்டியிருக்காரு? திட்டுவாரு திட்டுவாருன்னு நான்தான் உன்னைப் பயமுறுத்தி வெச்சிருக்கேன். போ."

குண்டூசி அப்பாவின் காதருகே போய், "அப்பா" என்றாள். பூனை நடப்பது போல ஒரு குரல்.

"இன்னும் சத்தமா."

"அப்பா."

"பக்கத்து ஊருக்குக் கேக்கட்டும்டி!"

"அப்பாஆஆ!"

சிங்கமே திரும்பிப் பார்த்தது. அப்பா தூக்கிவாரிப்போட்டு எழுந்து, "என்ன, அடுப்பு அணைஞ்சிடுச்சா?" என்றார். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அவரைக் கம்பிக்கு இழுத்துப்போனார்கள். அதற்குள் சிங்கம் இவர்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு கூண்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்டா செல்லம். வாலை நல்லாப் பாத்தேன்." அவளை அள்ளித் தூக்கிக்கொண்டார். "நீ கூப்பிட்டு நான் எழுந்தது இதுதான் முதல் தடவை, இல்ல?" என்றவர், அம்மாவைப் பார்த்தார். அம்மா பன் பொட்டலத்தைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

அப்போதுதான் மூடப்போகிறார்கள் என்று மணி அடித்தது. பெரியவன் மரத்தடிக்குத் திரும்பிப் போனான். மண்ணில் வரைந்ததைக் காலால் அழித்தான், அவ்வளவுதான்.

அப்பா சின்னவளை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். "ஏறுடா தோள்ல."

ஏழு வயதுப் பையனைச் சுமந்துகொண்டு, வெளியே வருகிற கூட்டத்துக்கு எதிராக அவர் ஓடினார். பின்னால் இடுப்பில் ஒன்றும் தோளில் பையுமாக அம்மா. ஒட்டகச்சிவிங்கியை உள்ளே ஓட்டிக்கொண்டிருந்த ஊழியர் இவர்களைப் பார்த்துக் கொஞ்சம் தாமதித்தார். அது நீண்ட கழுத்தைத் தாழ்த்தி, தோள்மேல் இருந்தவனை மென்றபடியே உற்றுப் பார்த்தது. எப்போதும் சட்டம் பேசுகிற பெரியவன் அதன் கண்ணிமையைப் பார்த்தபடியே அப்பாவின் தலைமுடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வெளிவாசலுக்கு வரும்போது, "அடுத்த வாட்டி இதுதான் முதல்ல" என்றான்.

"சரிடா" என்றார் அப்பா. அவர் லேசாக நொண்டினார். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, பையைத் தோள் மாற்றிக்கொண்டு அவர் கை பிடித்து நடந்தாள்.